திட்டக் கரைசலில் மட்டும் முடிவு நிலை மங்குவது ஏன்? ஈடிடிஏ தரம் பார்த்தலில் ஓர் ஐயம்

கேள்வி: நீர்த்துளி

அனைவருக்கும் வணக்கம். நீர் மாதிரிகளின் மொத்தக் கடினத்தன்மையை (கரைந்துள்ள கால்சியம், மக்னீசியத்தின் அளவை), அந்த உலோக அயனிகளைக் கட்டிப்பிடிக்கும் ஈடிடிஏ என்ற சேர்மத்தின் கரைசலை நிறம் மாறும்வரை அளந்து விட்டு, அதாவது தரம் பார்த்து (டைட்ரேஷன்), கண்டறியும் பணியில் நான் சேர்ந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. கடந்த இரண்டு வாரங்களாக ஒரு சிக்கல் என்னை விடாமல் துரத்துகிறது. எங்கே தவறுகிறேன் என்பதை நீங்கள் பார்த்துச் சொல்வதற்கு வசதியாக, செய்தவற்றை எல்லாம் எண்களோடு எழுதுகிறேன். கேள்வி நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும்.

ஈடிடிஏ-யின் டைசோடியம் உப்பில், இரண்டு நீர் மூலக்கூறுகள் சேர்ந்த வகையை 3.72 கிராம் எடை போட்டு, காய்ச்சி வடித்த நீரில் கரைத்து 1 லிட்டராக்கினேன். அதைத் திட்டப்படுத்துவதற்காக, அதாவது அதன் செறிவைத் துல்லியமாகக் கண்டறிவதற்காக, 110 டிகிரி செல்சியஸில் உலர்த்திய தூய கால்சியம் கார்பனேட்டில் 1.001 கிராம் எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கரைத்தேன். கார்பன் டைஆக்சைடு வெளியேறுவதற்காகச் சில நிமிடங்கள் கொதிக்க வைத்து, ஆறிய பின் மீத்தைல் சிவப்பின் துணையோடு அமிலத்தைச் சரிசெய்து, அதையும் 1 லிட்டராக்கினேன். ஆகவே இந்தக் கால்சியத் திட்டக் கரைசலின் (செறிவு துல்லியமாகத் தெரிந்த கரைசலின்) செறிவு 0.0100 மோலார், அதாவது லிட்டருக்கு 0.0100 மோல்.

இதில் 25 மி.லி. பிப்பெட்டால் எடுத்து, அதே அளவு காய்ச்சி வடித்த நீர் சேர்த்து, பிஎச்-ஐ (அமில-கார அளவை) நிலையாக வைக்கும் அம்மோனியா–அம்மோனியம் குளோரைடு தாங்கல் கரைசல் 2 மி.லி. விட்டு, எரியோகுரோம் பிளாக் டி நிறங்காட்டி இட்டுத் தரம் பார்த்தேன். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒயின் சிவப்பு நிறம் தெளிந்த நீலமாக மாற வேண்டிய இடத்தில், 20 மி.லி. தாண்டியதிலிருந்தே கரைசல் மெல்ல மெல்ல ஊதாவாகி, எந்தச் சொட்டில் நீலமானது என்று உறுதியாகச் சொல்ல முடியாதபடி இழுத்துக்கொண்டே போகிறது. மூன்று முறை செய்ததில் 23.6, 24.1, 24.5 மி.லி. கிடைத்தன. சராசரியைக் கொண்டு கணக்கிட்டால் ஈடிடிஏ-யின் செறிவு 0.01039 மோலார் என்று வருகிறது.

எனக்குப் புரியாதது என்னவென்றால், அதே நாளில், அதே ஈடிடிஏ, அதே தாங்கல் கரைசல், அதே நிறங்காட்டியைக் கொண்டு நிலத்தடி நீர் மாதிரியைத் தரம் பார்க்கும்போது முடிவு நிலை (நிறம் மாறி முடியும் இடம்) கத்தியால் வெட்டியதுபோல் தெளிவாக இருக்கிறது. 50 மி.லி. மாதிரிக்கு 12.30, 12.35, 12.30 மி.லி. செலவாயின. இதிலிருந்து கடினத்தன்மை, கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால், லிட்டருக்கு 256 மி.கி. ஆனால், கால்சியமும் மக்னீசியமும் கலந்து லிட்டருக்கு 240 மி.கி. என்று மதிப்பு குறிக்கப்பட்ட சரிபார்ப்புக் கரைசலை இதே முறையில் செய்தால் 50 மி.லி.க்கு 12.00 மி.லி. செலவாகி, விடை 249.5 என்று கூடுதலாகவே வருகிறது.

தாங்கல் கரைசலை இரண்டு முறை புதிதாகச் செய்துவிட்டேன். தூயது என்று நாம் நம்பும் திட்டக் கரைசல் தடுமாறுகிறது. என்னென்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத கிணற்று நீர் ஒழுங்காக நடந்துகொள்கிறது. இது எப்படி நேரும் என்று விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1: ஆய்வக உதவியாளர்

வணக்கம். முடிவு நிலை மங்கலாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது நிறங்காட்டியின் வயதைத்தான். எரியோகுரோம் பிளாக் டி-யைக் கரைசலாக வைத்திருந்தால் அது நாள்பட நாள்பட ஆக்சிஜனேற்றம் அடைந்து வலுவிழந்துவிடும். அதற்குப் பதிலாக 0.5 கிராம் சாயத்தை 100 கிராம் சோடியம் குளோரைடுடன் கல்வத்தில் அரைத்து உலர்தூளாக வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது ஒரு சிட்டிகை இடுங்கள்.

அடுத்ததாகப் பிஎச். தாங்கல் கரைசலைச் சேர்த்த பிறகு குடுவையில் உள்ள கரைசலின் பிஎச் 10 என்ற அளவில் இருக்க வேண்டும். புட்டியைத் திறந்து மூடும்போதெல்லாம் அம்மோனியா வெளியேறிக்கொண்டே இருப்பதால், போன மாதம் சரியாக இருந்த தாங்கல் கரைசல் இந்த மாதமும் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. திட்டக் கரைசலில் அமிலம் மிகுதியாகத் தங்கியிருந்தால் அங்கே மட்டும் பிஎச் குறைந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. பிஎச் மானியை ஒரு முறை குடுவைக்குள்ளேயே வைத்துப் பார்த்துவிடுங்கள்.

மறுமொழி 2: அணைவு வேதியியல் ஆசிரியர்

வணக்கம் நீர்த்துளி அவர்களே. எடை, கன அளவு, சராசரி, சரிபார்ப்புக் கரைசலின் விடை என்று எல்லாவற்றையும் நீங்கள் எழுதியிருப்பதால்தான் இதற்கு ஊகமின்றி விடை சொல்ல முடிகிறது. "முடிவு நிலை சரியாக வரவில்லை, என்ன செய்ய?" என்று ஒற்றை வரியில் கேட்டிருந்தால், நாங்கள் பத்துக் காரணங்களைப் பட்டியலிட்டிருப்போம், அவற்றில் எதுவும் உங்களுக்குப் பயன்பட்டிருக்காது.

முன்னவர் சொன்ன இரண்டும் எப்போதும் பார்க்க வேண்டியவைதாம். ஆயினும் நிறங்காட்டி பழையதாக இருந்தால் கிணற்று நீரிலும் அது தடுமாறியிருக்க வேண்டும். திட்டக் கரைசலில் அமிலம் மிஞ்சியிருக்கலாம் என்றால், நீங்கள் மீத்தைல் சிவப்பைக் கொண்டு அதைச் சரிசெய்திருக்கிறீர்கள், 2 மி.லி. தாங்கல் கரைசல் எஞ்சியதைத் தாங்கிக்கொள்ளும். ஆகவே, திட்டக் கரைசலுக்கும் கிணற்று நீருக்கும் இடையே வேறு என்ன வேறுபாடு இருக்கிறது என்று தேட வேண்டும். இயற்கை நீரில் பெரும்பாலும் கால்சியத்தோடு மக்னீசியமும் இருக்கும். உங்கள் திட்டக் கரைசலில் கால்சியம் மட்டுமே இருக்கிறது. அந்த மக்னீசியம் இல்லாததுதான் உங்கள் சிக்கல்.

எரியோகுரோம் பிளாக் டி உண்மையில் மக்னீசியத்துக்கான நிறங்காட்டி. மக்னீசியத்தோடு அது அமைக்கும் சிவப்பு அணைவின் (உலோக அயனியும் அதைப் பிடித்த மூலக்கூறும் சேர்ந்த தொகுதியின்) நிலைப்பு மாறிலியின், அதாவது பிடிப்பின் வலுவைக் காட்டும் எண்ணின், மடக்கை மதிப்பு ஏறத்தாழ 7.0, கால்சியத்தோடு அமைப்பதற்கு 5.4 மட்டுமே. பிஎச் 10-இல் சாயத்தின் கடைசி ஹைட்ரஜன் இன்னும் பெரும்பாலும் பிரியாமல் இருக்கும். அந்த ஹைட்ரஜனின் பிகேஏ (அது பாதி பிரிந்திருக்கும் பிஎச்) 11.6 என்பதால், இரண்டு மதிப்புகளிலிருந்தும் 1.6-ஐக் கழிக்க வேண்டும். மீதி, மக்னீசியத்துக்கு 5.4, கால்சியத்துக்கு 3.8. கரைசலில் கட்டுறாமல் எஞ்சியிருக்கும் உலோக அயனியின் செறிவு எந்த அளவுக்குக் குறையும்போது சாயம் பாதி சிவப்பும் பாதி நீலமுமாக நிற்கும் என்பதை இந்த எண்கள் சொல்கின்றன.

இதை உங்கள் குடுவையில் வைத்துப் பார்ப்போம். முடிவுக்கு அருகில் உங்கள் மொத்தக் கன அளவு ஏறத்தாழ 75 மி.லி. கால்சியம் மட்டும் இருக்கும்போது, அதன் செறிவு 10-இன் அடுக்கு –3.8, அதாவது 0.00016 மோலார் அளவுக்கு வரும்போதே சாயத்தில் பாதி நீலமாகிவிடும். அந்த நேரத்தில் குடுவையில் இன்னும் 0.012 மில்லிமோல் கால்சியம் கட்டுறாமல் மிச்சம் இருக்கிறது. அதைக் கட்ட இன்னும் 1.2 மி.லி. ஈடிடிஏ தேவை. சாயத்தில் பதினொன்றில் ஒரு பங்கு நீலமாகும் நிலையைக் கணக்கிட்டால் அது சமான நிலைக்கு, அதாவது கால்சியத்துக்குச் சரிசமமாக ஈடிடிஏ சேர்ந்த இடத்துக்கு, பல மி.லி. முன்னதாகவே தொடங்கிவிடும். நீங்கள் 20 மி.லி. தாண்டியதிலிருந்தே ஊதா படரக் கண்டது இதனால்தான். உங்கள் கண்ணில் எந்தக் குறையும் இல்லை. 23.6 என்று நிறுத்தியபோதும் 24.5 என்று நிறுத்தியபோதும் நீங்கள் பார்த்தது ஒரே நீண்ட மாற்றத்தின் வெவ்வேறு இடங்களை.

மக்னீசியம் இருந்தால் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. கால்சியம்–ஈடிடிஏ அணைவின் நிலைப்பு மாறிலியின் மடக்கை 10.7, மக்னீசியம்–ஈடிடிஏ அணைவுக்கு 8.7. நூறு மடங்கு வேறுபாடு என்பதால் ஈடிடிஏ முதலில் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது, சாயம் மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு சிவப்பாகவே காத்திருக்கிறது. கால்சியம் முடிந்து, மக்னீசியமும் முடியும் தறுவாயில், சாயத்திடமிருந்து மக்னீசியத்தை ஈடிடிஏ பறிக்கும்போதுதான் நீலம் தோன்றுகிறது. மேலே செய்த அதே கணக்கை மக்னீசியத்துக்குச் செய்தால், சாயம் பாதி மாறும் இடத்திலிருந்து சமான நிலைக்கு 0.03 மி.லி. மட்டுமே இருக்கும். ஒரு சொட்டுக்கும் குறைவு. கிணற்று நீரில் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தது என்று நீங்கள் எழுதியிருப்பதன் பொருள் இதுதான்.

பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் கவனியுங்கள். திட்டப்படுத்தும்போது சமான நிலைக்கு முன்பே நிறுத்திவிட்டீர்கள். ஆகவே செலவான கன அளவு குறைவு. ஆகவே ஈடிடிஏ-யின் செறிவு உண்மையைவிடக் கூடுதல் என்று கணக்கில் வந்துவிட்டது. அந்த உப்பின் மோலார் நிறை 372.24 என்பதால், நீங்கள் எடுத்த 3.72 கிராமுக்கு 0.00999 மோலார் வர வேண்டும். உங்களுக்கு வந்ததோ 0.01039. இது 4 விழுக்காடு அதிகம். 240-ஐ 4 விழுக்காடு கூட்டினால் 249.6. சரிபார்ப்புக் கரைசலுக்கு நீங்கள் பெற்ற 249.5 எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை என்று கருதுகிறேன்.

என் சொல்லை மட்டும் நம்பி எதையும் மாற்ற வேண்டாம். முதலில் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். அதே திட்டக் கரைசல் 25 மி.லி.யில், ஏறத்தாழ 0.01 மோலார் மக்னீசியம் சல்பேட் கரைசல் 1 மி.லி. மட்டும் சேர்த்து, மற்ற அனைத்தையும் முன்போலவே வைத்துத் தரம் பாருங்கள். நிறமாற்றம் கூர்மையாகிவிட்டால் காரணம் உறுதியாகிவிடும். அந்த அளவீட்டைக் கொண்டு செறிவைக் கணக்கிடக் கூடாது, ஏனெனில் நீங்கள் சேர்த்த மக்னீசியமும் ஈடிடிஏ-யைச் செலவழிக்கும்.

நிலையான தீர்வு, தாங்கல் கரைசலிலேயே மக்னீசியம்–ஈடிடிஏ அணைவைச் சேர்த்துவிடுவது. டைசோடியம் ஈடிடிஏ 1.179 கிராமையும், ஏழு நீர் மூலக்கூறுகள் கொண்ட மக்னீசியம் சல்பேட் 0.780 கிராமையும் 50 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கரையுங்கள். 16.9 கிராம் அம்மோனியம் குளோரைடை 143 மி.லி. அடர் அம்மோனியாவில் கரைத்து, அதனுடன் முன்னதைச் சேர்த்து 250 மி.லி.க்கு நீர்க்கச் செய்யுங்கள். புகை உறிஞ்சும் கூண்டுக்குள் செய்ய வேண்டிய வேலை இது. இரண்டு பொருள்களும் மோலுக்கு மோல் சமமாக இருப்பதால் கணக்கில் எந்தத் திருத்தமும் வேண்டியதில்லை. குடுவைக்குள் கால்சியம் இந்த அணைவிலிருந்து மக்னீசியத்தை வெளியே தள்ளுகிறது. இறுதியில் நீங்கள் விடும் ஈடிடிஏ அதே அளவு மக்னீசியத்தை மீண்டும் கட்டிவிடுகிறது. வரவும் செலவும் நேர்.

எடை சமமாக அமைந்ததா என்று சோதிக்க ஓர் அழகான வழி உண்டு. அந்தத் தாங்கல் கரைசல் 2 மி.லி.யை வெறும் காய்ச்சி வடித்த நீரில் விட்டு நிறங்காட்டி சேர்த்தால், நிறம் சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவே தயங்கி நிற்க வேண்டும். நீர்த்த ஈடிடிஏ ஒரு சொட்டு விட்டால் நீலம், நீர்த்த மக்னீசியம் ஒரு சொட்டு விட்டால் சிவப்பு. இரு பக்கமும் ஒரே சொட்டில் சாய்ந்தால் எடை சரி.

ஈடிடிஏ-யைக் கொண்டு தரம் பார்க்கும் முறையை 1940களில் சூரிச்சில் கெரோல்ட் சுவார்சன்பாக் வளர்த்தெடுத்தார். அதற்கு முன் கடினத்தன்மையைச் சோப்புக் கரைசலைக் குலுக்கி, நுரை நிற்கும் அளவைக் கொண்டு அளந்தார்கள். அந்த நாளிலிருந்து இன்றுவரை பயன்படும் இந்தச் சாயத்தின் இயல்பு, பாடநூலில் "ஒயின் சிவப்பிலிருந்து நீலம்" என்ற ஒரே தொடரில் முடிந்துவிடுகிறது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. மக்னீசியம் ஏன் வேண்டும் என்பதை மாணவர்களுக்குச் சொல்லாமல் விட்டால், இரண்டு வாரங்கள் வீணாவது அவர்கள் குற்றமன்று.

நீர்த்துளி (கேள்வி கேட்டவர்)

ஐயா, மிக்க நன்றி. சொன்னபடி முதலில் சிறு சோதனையைச் செய்தேன். 1 மி.லி. மக்னீசியம் சேர்த்த குடுவையில், 26 மி.லி.யை நெருங்கும்வரை சிவப்பு அசையாமல் நின்று, இரண்டே சொட்டுகளில் நீலமாகிவிட்டது. அதே கரைசல்தானா என்று புட்டியின் பெயர்ச்சீட்டை மீண்டும் ஒரு முறை பார்த்தேன்.

பிறகு புதிய தாங்கல் கரைசலைச் செய்து, ஒரு சொட்டுச் சோதனையிலும் அது தேறிய பின், திட்டப்படுத்தலைத் திரும்பச் செய்தேன். 25.05, 25.10, 25.05 மி.லி. கிடைத்தன. செறிவு 0.00997 மோலார். இதைக் கொண்டு கணக்கிட்டால் சரிபார்ப்புக் கரைசல் லிட்டருக்கு 239.6 மி.கி. என்றும், அந்த நிலத்தடி நீர் 246 மி.கி. என்றும் வருகின்றன. முன்பு 256 என்று எழுதி வைத்திருந்தேன்.

இப்போது வேறொரு மாதிரியில் இன்னொரு சிக்கல். இது மிகக் கடினமான நீர். 50 மி.லி.க்கு 21.8 மி.லி. விட்டதும் தெளிவான நீலம் வருகிறது. அளவைக் குறிப்பதற்குள், ஏறத்தாழ 40 நொடிகளில், மீண்டும் சிவப்பு தலைகாட்டுகிறது. இன்னும் சில சொட்டுகள் விட்டால் நீலம், பிறகு மீண்டும் சிவப்பு. ஒரு முறை 22.9 வரை போய்விட்டது. மறு முறை 22.4-இல் நின்றது. தாங்கல் கரைசல் புதியது, மக்னீசியமும் இருக்கிறது. இதற்கு என்ன காரணமாக இருக்கும்?

மறுமொழி 3: நீர்ப்பகுப்பாளர்

வணக்கம். நீலம் வந்து திரும்பிப் போகிறது என்றால், கால்சியத்தில் ஒரு பகுதி ஈடிடிஏ-க்கு அகப்படாமல் எங்கோ ஒளிந்திருந்து, மெல்ல வெளியே வருகிறது என்று பொருள். அது ஒளிந்திருக்கும் இடம் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் வீழ்படிவு. பைகார்பனேட் மிகுந்த கடின நீரில் தாங்கல் கரைசலை விட்டுப் பிஎச்-ஐ 10-க்கு உயர்த்தியவுடன், பைகார்பனேட்டில் ஒரு பகுதி கார்பனேட்டாக மாறி, கால்சியத்தோடு சேர்ந்து படியத் தொடங்கும். நீங்கள் நீலத்தை எட்டிய பிறகு அந்தப் படிவு சிறிது சிறிதாகக் கரைந்து, கால்சியத்தைத் திரும்பத் தருகிறது. அது மக்னீசியத்தை அணைவிலிருந்து தள்ளிவிட, சாயம் மறுபடியும் சிவக்கிறது.

கண்ணாலேயே இதைப் பார்க்கலாம். நிறங்காட்டி சேர்க்காமல், மாதிரியில் தாங்கல் கரைசலை மட்டும் விட்டு, குடுவையைக் கறுப்புத் தாளின் முன் பிடித்துப் பத்து நிமிடம் பொறுத்திருங்கள். முதலில் தெளிவாக இருந்த நீரில் பனிமூட்டம்போல் மெல்லிய கலங்கல் தோன்றும். குடுவையைச் சாய்த்தால் கண்ணாடியின் உள்பக்கம் நுண்ணிய பொடி ஒட்டியிருப்பதும் தெரியும்.

இதைத் தவிர்க்க நான் செய்வது இதுதான். ஈடிடிஏ 15 மி.லி.க்கு மேல் செலவாகாதபடி மாதிரியின் அளவைக் குறைத்துக்கொள்கிறேன். உங்கள் நீருக்கு 25 மி.லி. எடுத்து, காய்ச்சி வடித்த நீரால் 50 மி.லி. ஆக்கிக்கொண்டால் போதும். தாங்கல் கரைசலை விட்ட நேரத்திலிருந்து ஐந்து நிமிடங்களுக்குள் தரம் பார்த்து முடிக்கிறேன். ஏறத்தாழ எவ்வளவு செலவாகும் என்று முன்னோட்டத்தில் தெரிந்துவிட்டால், அதில் பத்தில் ஒன்பது பங்கு ஈடிடிஏ-யைத் தாங்கல் கரைசலுக்கு முன்பே மாதிரியில் விட்டுவிடுகிறேன். பிஎச் உயரும் நேரத்தில் கால்சியத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே அணைவுக்குள் இருப்பதால் படிவதற்கு அதிகம் மிஞ்சுவதில்லை. இவற்றுக்கும் கட்டுப்படாத நீரென்றால், சிறிது அமிலம் சேர்த்துக் கொதிக்க வைத்துக் கார்பன் டைஆக்சைடை வெளியேற்றி, ஆறவைத்து, நடுநிலையாக்கிய பின் தொடர வேண்டும். குளிரூட்டியிலிருந்து எடுத்த மாதிரியை அறை வெப்பநிலைக்கு வரவிடாமல் தரம் பார்த்தாலும் நிறமாற்றம் தாமதமாகும், அதையும் கவனியுங்கள்.

நீலம் திரும்பிப் போவதும், நீலமே வராமல் போவதும் வெவ்வேறு நோய்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள். செம்பு, நிக்கல் போன்ற உலோகங்கள் சிறிதளவு இருந்தாலும் சாயத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும், பிறகு அதை விடுவதில்லை. எவ்வளவு ஈடிடிஏ விட்டாலும் நிறம் ஊதாவிலேயே நிற்கும். இரும்பும் அலுமினியமும் அப்படித்தான். இவ்விரண்டுக்கும் ட்ரைஎத்தனாலமீனை, கரைசல் அமிலமாக இருக்கும்போதே, தாங்கல் கரைசலுக்கு முன்பாகச் சேர்த்தால் மறைத்துவிடலாம். மாங்கனீசு இருந்தால் சாயமே ஆக்சிஜனேற்றம் அடைந்து வெளிறும். ஹைட்ராக்சிலமீன் ஹைட்ரோகுளோரைடு அதைத் தடுக்கும். செம்பைத் தேடும்போது காய்ச்சி வடித்த நீரையும் மறக்க வேண்டாம்; செம்புப் பகுதிகள் கொண்ட வடிகலத்திலிருந்து வந்த நீராக இருந்தால், வெற்றுச் சோதனையிலேயே (மாதிரி இல்லாமல் வெறும் நீரில் செய்யும் சோதனையிலேயே) நிறம் முரண்டுபிடிக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். செம்பையும் நிக்கலையும் மறைப்பதற்குச் சோடியம் சயனைடு சேர்க்கச் சொல்லும் பழைய செய்முறைகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அமிலக் கரைசலில் அது பட்டால் ஹைட்ரஜன் சயனைடு வாயு வெளியேறும்; அது உயிரைப் பறிக்கும். தரம் பார்த்து முடித்த குடுவைகளை எல்லாம் ஒரே கழிவுக் கலனில் ஊற்றும் ஆய்வகத்தில், அடுத்தவர் ஊற்றும் அமிலம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மாதிரியை நீர்க்கச் செய்வதோ, வேறு கருவிமுறைக்கு அனுப்புவதோ எந்த வகையிலும் மேலானது. மூன்று மாத அனுபவத்தோடு தனியாக வேலை செய்யும் ஒருவர் அந்தப் புட்டியைத் திறக்கவே கூடாது.

மறுமொழி 4: ஆய்வக உதவியாளர்

நிறங்காட்டியைத்தான் நான் முதலில் குறை சொன்னேன். மாதிரிக்கும் திட்டக் கரைசலுக்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர் காட்டிய பிறகு அது பொருந்தாது என்று விளங்கியது. எனக்கும் ஓர் ஐயம் இருக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் தாங்கல் கரைசலில் எதையும் சேர்ப்பதில்லை. ஈடிடிஏ கரைசலைத் தயாரிக்கும்போதே அதில் சிறிது மக்னீசியம் குளோரைடைக் கரைத்துவிடுவார்கள். இத்தனை ஆண்டுகளாக அப்படித்தான் செய்துவருகிறோம். அது தவறான முறையா?

மறுமொழி 5: அணைவு வேதியியல் ஆசிரியர்

மொத்தக் கடினத்தன்மைக்கு அதுவும் சரியான முறையே. சேர்த்த மக்னீசியத்தின் அளவுக்கு ஈடிடிஏ முன்கூட்டியே கட்டுண்டுவிடும். ஆகவே எடையிலிருந்து கணக்கிட்ட செறிவைப் பயன்படுத்தாமல், மக்னீசியம் சேர்த்த பிறகு கால்சியத் திட்டக் கரைசலைக் கொண்டு திட்டப்படுத்திய செறிவையே பயன்படுத்த வேண்டும். வரிசை மாறினால்தான் தவறு.

ஆனால் அதே புட்டியைக் கால்சியத்தை மட்டும் தனியாக அளப்பதற்கு எடுக்காதீர்கள். அந்தச் சோதனையில் சோடியம் ஹைட்ராக்சைடால் பிஎச்-ஐ 12-க்கு மேல் உயர்த்தி, மக்னீசியத்தை ஹைட்ராக்சைடாகப் படியவைத்து, மியூரெக்சைடு போன்ற வேறு நிறங்காட்டியைப் பயன்படுத்துகிறோம். அங்கே ஈடிடிஏ-யோடு வந்த மக்னீசியம் கழன்று படிந்துவிடும். அதுவரை அதைக் கட்டியிருந்த ஈடிடிஏ விடுபட்டுக் கால்சியத்தைப் பிடிக்கும். பிஎச் 10-இல் நீங்கள் கண்டறிந்த செறிவு அங்கே செல்லாது. விடை குறைவாக வரும். உங்கள் ஆய்வகத்தில் மொத்தக் கடினத்தன்மையிலிருந்து கால்சியத்தைக் கழித்து மக்னீசியத்தைக் கணக்கிடும் வழக்கம் இருந்தால், கால்சியத்தில் குறைந்ததெல்லாம் மக்னீசியத்தில் கூடிவிடும். ஒரே ஈடிடிஏ-யைக் கொண்டு இரண்டையும் செய்கிறீர்களா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

நீர்த்துளி (கேள்வி கேட்டவர்)

கறுப்புத் தாளின் முன் வைத்துப் பார்த்தேன். எட்டாவது நிமிடத்தில் கலங்கல் தெரிந்தது. குடுவையின் அடிவளைவில் வெண்ணிறப் பொடி ஒட்டியிருந்தது. பிறகு 25 மி.லி. மாதிரியை 50 ஆக்கி, 10 மி.லி. ஈடிடிஏ-யை முதலில் விட்டு, அதன் பின் தாங்கல் கரைசலும் நிறங்காட்டியும் சேர்த்துத் தரம் பார்த்தேன். 11.25, 11.30, 11.25. மூன்றிலும் நீலம் அப்படியே நின்றது. லிட்டருக்கு 450 மி.கி. என்று கணக்கில் வருகிறது.

இறுதியாக ஒன்று. கடந்த இரண்டு வாரங்களில் நான் பதிவேட்டில் எழுதிய மற்ற மாதிரிகளின் விடைகள் எல்லாம் கூடுதலாகத்தானே இருக்கும்? அந்த மாதிரிகள் இப்போது கையில் இல்லை. அவற்றை என்ன செய்வது?

மறுமொழி 6: நீர்ப்பகுப்பாளர்

செலவான மி.லி. அளவுகளை அப்படியே எழுதி வைத்திருக்கிறீர்களா, விடையை மட்டும் எழுதினீர்களா என்பதைப் பொறுத்தது. அளவுகள் இருந்தால், அவற்றைத் தரம் பார்த்த ஈடிடிஏ இதே புட்டியிலிருந்து வந்தது என்பதும் உறுதியானால், மாதிரிகளைத் திரும்பப் பெற வேண்டியதில்லை. மாதிரிகளில் முடிவு நிலை கூர்மையாகவே இருந்ததால் அந்த அளவுகள் செல்லும். தவறியது செறிவு மட்டுமே. ஒவ்வொன்றையும் 0.00997 கொண்டு மறுபடி கணக்கிடுங்கள். எந்த மாதிரியிலாவது நீலம் திரும்பிப் போனதாகக் குறிப்பு இருந்தால், அதையும், மக்னீசியம் குறைவாக இருந்து முடிவு நிலை இழுத்ததாகக் குறிப்பு உள்ளவற்றையும் மட்டும் புதிய மாதிரி கேட்டு மீண்டும் செய்யுங்கள்.

பழைய எண்ணை அழிக்கவோ வெள்ளை மை பூசவோ வேண்டாம். படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் புதிய விடையையும், காரணத்தை ஒரு வரியிலும், தேதியையும் எழுதிக் கையொப்பமிட்டு, அறிக்கை ஏற்கெனவே வெளியே போயிருந்தால் உங்கள் மேலாளரிடம் அந்தப் பக்கங்களைக் காட்டித் திருத்தறிக்கை அனுப்பச் சொல்லுங்கள்.